லோரோங் அண்ணனும் பன்னிரண்டு சுவர்களும்

அலோர் ஸ்டாரில் ஒரு சந்து முழுவதையும் வெறும் கேமராவை வைத்தே தரைமட்டமாக்கிய மனிதர் லோரோங் அண்ணன் ஒருவர்தான். மண்தள்ளும் இயந்திரமெல்லாம் அப்புறம் வந்தது. அது கூலிக்கு வந்தது. வேலையை முடித்து வைத்தவர் இவர். கூட இருந்து கெடுத்தவன் நான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. யாரைப் பார்த்து என்று மட்டும் கேட்காதீர்கள்.

லோரோங் என்றால் மலாயில் சந்து. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசை பார்க்கப் போவார் என்பதால் ஏதோ ஒரு புனிதரின் பெயராக இருந்திருக்கும். ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு வரிசைக் கடைவீடுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு சந்து ஓடியது. குடையை விரித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மடக்கித்தான் ஆகவேண்டும். அந்தச் சந்தின் கோடியில், மாடியில், அவருடைய ஸ்டூடியோ. படம் கழுவுவது, சமைப்பது, தூங்குவது எல்லாம் அந்த ஓர் அறையில்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஸ்டூடியோ என்றால் பின்னால் ஒரு திரை வேண்டும். திரையில் வளைந்த மாடிப்படியும், தடாகமும், பகலிலேயே நிலாவும் இருக்கவேண்டும். லோரோங் அண்ணனிடமும் அப்படி ஒரு திரை இருந்தது. அதை அவர் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே கட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். படம் எடுக்க வந்தவர்களைக் கையைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போவார்.

"உள்ள என்னா இருக்குது? துணிதானே! வெளிய வா லா. எவ்ளோ செவுரு இருக்குது பாரு."

அந்தச் சந்தில் படத்துக்கு எடுப்பான இடங்கள் பன்னிரண்டு என்று கணக்குச் சொல்வார். டோபிக் கடைச் சுவருக்குக் காலை ஒன்பது மணி. நீலக் கதவுக்குப் பதினொன்று. அவருடைய சொந்த மாடிப்படிக்குச் சாயந்திரம் நாலு. ஒன்பது மணிச் சுவருக்கு ஏற்ற முகத்தை வைத்துக்கொண்டு பத்து மணிக்கு வந்து நின்றால் தொலைந்தீர்கள். ஒரு தரம் ரப்பர் தோட்டத்திலிருந்து எட்டுப் பேர், கைக்குழந்தையோடு, குடும்பப் படம் எடுக்க வந்தார்கள். "பசியாறிட்டு வாங்க, நாலு மணிக்கு வெளிச்சம் வரும்" என்று அனுப்பிவிட்டார். வந்தார்கள். மேகம் வந்தது. மறுநாள் வாங்க என்றார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனவர்கள் பாடு இன்னும் மோசம். வெள்ளைப் பின்னணி வேண்டும் என்பது சட்டம். இவர் கொடுத்த படத்தில் பாசி படிந்த சுவர் அங்குலம் அங்குலமாகத் தெரியும். ஓரத்தில் ஆள் ஒருவர் இருப்பார். ஆபீசில் திருப்பியடித்தார்கள்.

"என்னாண்ணே, மூஞ்சியே தெரியலன்றாங்க?"

"மூஞ்சிதானே? அது எல்லார்கிட்டயும் இருக்குது லா. இந்த மாதிரி செவுரு எவன்கிட்ட இருக்குது?"

என் தங்கைக்கு வரன் பார்த்தபோது நானே புத்திகெட்டுப் போய் அவரிடம் அழைத்துப் போனேன். பெண் படத்தில் நன்றாகத்தான் விழுந்திருந்தாள். தோள்பட்டையில் வெயில் இறங்கி, மஞ்சள் பூத்த சுவர் பின்னால் அப்படி ஒரு சோபை. படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினோம். அங்கே மாப்பிள்ளையின் தாய்மாமன் படத்தை வாங்கிப் பார்த்தவுடனே, "இது கள்ளுக்கடைக்குப் பின்செவுரு ஆச்சே!" என்று கத்தியிருக்கிறார். பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் மனைவி கேட்டதுதான். அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. சம்பந்தம் அத்தோடு போயிற்று. சண்டை போடலாம் என்று லோரோங் அண்ணனிடம் போனால், "பாத்தியா, ஒரு தடவ பாத்த ஆளுகூட மறக்கல. அதுதான் செவுரு" என்றார்.

தங்கைக்குப் பிறகு நல்ல இடம் அமைந்தது. அது வேறு கதை. இந்தக் கதைக்கு வேண்டியது என் வேலை.

அந்த இரண்டு வரிசைக் கடைவீடுகளும் ஒரு சீன முதலாளிக்குச் சொந்தம். தவுக்கே என்போம். அவர் ஆபீசில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். வருஷக் கடைசியில் தவுக்கே காலண்டர் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் எந்த நாட்டு மலையோ, பனியோ. இந்த ஊரில் பனியை யார் பார்த்தார்கள்?

லோரோங் அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, ஒரு காலண்டர்.

"ஒரு வருசம் முழுக்க ஜனங்க வூட்டு செவுத்துல நம்ம செவுரு தொங்கணும் தம்பி. அது போதும்."

நான்தான் சொன்னேன், படங்களைக் கொடுங்கள், தவுக்கேயிடம் காட்டுகிறேன் என்று. அவர் இரண்டு மாதம் வேலை செய்தார். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு இடம், பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயில் அழகான கையெழுத்தில் விளக்கம். மார்ச்: டோபிக் கடைச் சுவர், அடியிலிருந்து உச்சி வரை பிளந்து வெயிலுக்கு வழி விடுகிறது. ஆகஸ்ட்: ஆற்றைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் தூண். டிசம்பர்: கரையான் செதுக்கிய மாடிப்படி. ஆல்பத்தை என் கையில் கொடுக்கும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர் மாதிரி இரண்டு தரம் விட்டுவிட்டுப் பிடித்தார்.

தவுக்கே ஒவ்வொரு பக்கமாக, அவசரப்படாமல் பார்த்தார். மனுஷன் உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

"இதெல்லாம் என் கட்டடமா?"

"ஆமாம் தவுக்கே."

"இந்த வெடிப்பு நெசமா? இல்ல, படத்துல ஏதாவது செஞ்சிருக்கா?"

"நெசம்தான் தவுக்கே. நேர்ல இன்னும் நல்லா இருக்கும்."

சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

பழைய வாடகைக்காரர்களைக் கிளப்புவது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமல்ல. கட்டடம் விழப்போகிறது என்று காட்டினால்தான் முடியும். தவுக்கே பல வருஷமாக முயன்று தோற்றவர். அவர் ஆள் அனுப்பும்போதெல்லாம் சந்துக்காரர்கள் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துகொண்டு வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். இப்போது பன்னிரண்டு சாட்சி, விளக்கத்தோடு, அவர் மேசையில். புதன்கிழமை இரண்டு இஞ்சினியர்கள் வருவார்கள் என்று திங்கட்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார். வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார்.

இரண்டு நாள் இருந்தது. பத்து நிமிஷம் நடந்தால் சந்து. லோரோங் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டோபிக்காரர் ஒரே ராத்திரியில் சுவரைச் சிங்காரித்திருப்பார். நான் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிய மூன்று வாரம் பாக்கி. அம்மா தோட்டத்தில் எல்லோரிடமும் மகனுக்கு டவுனில் வேலை என்று சொல்லி முடித்திருந்தாள். சாக்குக்கு என்ன பஞ்சம்? கோழை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம்.

புதன்கிழமை ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு இஞ்சினியர்களோடு நானும் போனேன். வந்தவர்களுக்கு வெடிப்பு அகப்படவில்லை. டோபிக் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே சுவர் முழுக்க ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்போதுதான் லோரோங் அண்ணன் பனியனோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய இஞ்சினியர் ஒருவர் என்னிடமிருந்து வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்த தன் ஆல்பத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் யாரிடமும் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"ஏன் தம்பி முன்னமே சொல்லல? ஒரு சட்டையாவது மாட்டியிருப்பேன்ல?"

அவர் என்னைப் பார்க்கவேயில்லை, இஞ்சினியர்களைப் பிடித்துக்கொண்டார்.

"மார்ச்சா? இங்க வாங்க, இங்க வாங்க. ஏய் டோபி, எடுய்யா போர்வைய!"

டோபிக்காரர் கண்ணைக் காட்டினார். காலை மிதித்தார். இருமினார். லோரோங் அண்ணன் போர்வைகளைத் தானே உருவிப் போட்டுவிட்டு, தன் குடையை வெடிப்புக்குள் கைப்பிடி வரை செருகிக் காட்டினார்.

"இந்தத் தூண் எத்தனை நாளாகச் சாய்ந்திருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் வந்த நாள்லேர்ந்து சாயுது சார். வருசத்துக்கு ஒரு விரக்கடை. பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன், பாருங்க!"

கடைசியாக அவருடைய சொந்த மாடிப்படி. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். படி மொத்தமும் ஆடியது. "இது ஆடுனாத்தான் சார் நெழலும் ஆடும்" என்றார். இஞ்சினியர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். போகும்போது அவர் கையைக் குலுக்கினார்கள். இப்படி ஓர் ஒத்துழைப்பை அவர்கள் வேலைக்காலத்திலேயே பார்த்திருக்க மாட்டார்கள்.

சந்தில் இருந்த அத்தனை பேருக்கும் வெளியேறும் நோட்டீசை நான்தான் டைப் அடித்தேன். குறைகளின் பட்டியலுக்கு மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. லோரோங் அண்ணன் எழுதிய விளக்கத்தை அப்படியே இறக்கினேன், அழகை மட்டும் எடுத்துவிட்டு. மூன்று வாரத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. அந்த வருஷத்துக் காலண்டரில் மறுபடியும் பனிமலை.

சந்து காலியான அன்று டோபிக்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "இந்தக் கிராணிப் பயலுக்கு எல்லாம் தெரியும்டா! தெரிஞ்சேதான் கூட்டியாந்தான்!" லோரோங் அண்ணன் நடுவில் வந்து விழுந்தார். "தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுய்யா! தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டானா?" டோபிக்காரருடைய அடியில் பாதியை அவர்தான் வாங்கிக்கொண்டார். எனக்கு ஓர் அடி சரியாக விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

லோரோங் அண்ணன் பெட்டியோடு கோலா கெடாவுக்குப் போய்விட்டார். லங்காவித் தீவுக்குப் படகேறுபவர்களைப் படகுத்துறையில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் பிழைத்தார். மாதம் ஒரு தரம் பஸ் பிடித்து ஆபீசுக்கு வருவார். கருவாட்டுப் பொட்டலத்தை என் மேசையில் வைத்து, "நல்லா இருக்கியா தம்பி?" என்பார். ஆபீஸ் முழுக்க நாறும். காலண்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கருவாட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் வறுத்துத் தின்பேன். தொண்டையில் முள் குத்தும் ஒவ்வொரு தரமும், இந்த மனுஷன் ஏன் இவ்வளவு முட்டாளாக இருக்கிறார் என்று ஆத்திரமாக வரும்.

நாலைந்து வருஷம் தின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. கோலா கெடாவுக்குப் போய், படகுத்துறையில் அவர் எதிரே நின்று கொட்டிவிட்டேன்.

"அண்ணே, எனக்கு ரெண்டு நாளைக்கு முன்னயே தெரியும். எல்லாரையும் வெளியேறச் சொன்ன சுராட்டையும் நான்தான் டைப் அடிச்சேன்."

அவர் கேமராவைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் லா. சுராட்டுக்கு அடியில டைப் அடிச்சவன் பேரு எழுத்து ரெண்டு போடுவீங்கல்ல? உன்னோடது இருந்துச்சே. இஞ்சினியருக்குச் சொல்லியனுப்புன தேதியும் அதுல இருந்துச்சு, திங்கக்கெழம. உனக்கு முன்னயே தெரியும்னு வெளங்கிருச்சு."

"அப்ப டோபியண்ணன்கிட்ட ஏன்ணே எனக்காக அடி வாங்குனீங்க?"

"வூடு போச்சு, சரி. தம்பியும் போவணுமா?" என்றார். பிறகு, படகு வர இன்னும் நேரம் இருக்கிறது, வா பசியாறலாம் என்று கடைக்குக் கூட்டிப்போனார்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. நாலைந்து வருஷம் ஒரு மனுஷன் இப்படியா ஒருவனை மன்னித்துத் தொலைப்பது? ஆனால் அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடும் வரை வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எங்கே என்று வீட்டில் கேட்டால், கோலா கெடாவுக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்வேன்.