அத்தியாவசிய பி.பி.

"இதுல அத்தியாவசியம்னு போட்டுக்கீது யக்கா" என்றார் ஜஹாங்கீர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து அகராதிக்குள் விட்டபடி.

காலடிப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர் அவர். எதிரே நின்றவள் நெட்டுக்குப்பம் கன்னியம்மா, கருவாட்டு வியாபாரி. இலவச மருத்துவ முகாமில் அவள் கையில் மாத்திரைகளையும் 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதிய சீட்டையும் திணித்து அனுப்பியிருந்தார்கள். அது என்னவென்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

"இன்னா அத்தியாவசியம்?"

"ஹைப்பர்டென்ஷன்னா பி.பி. எசென்ஷியல்னா அத்தியாவசியம். அரிசி, மண்ணெண்ண மாரி."

"அப்போ அதைக் கொறைக்க எதுக்கு மாத்திர?"

ஜஹாங்கீருக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

மாத்திரை நின்றது. பி.பி. குறைந்துவிடக் கூடாதே என்று மூன்று வேளையும் கருவாடு. ஐந்தாம் நாள் கூடையைத் தூக்கியபோது எண்ணூர் புகைபோக்கிகள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன.

மறுபடியும் சென்டர். இம்முறை ஜஹாங்கீர் அந்த நோயைப் பற்றி நெட்டில் தேடிப் பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தார். பாதி வார்த்தைகள் அகராதியிலேயே இல்லை.

"இடியோபதிக்னு ஒண்ணு கீது. புக்ல அது இல்ல. பக்கத்துல இடியட்டு கீது."

"அப்டின்னா?"

"முட்டாள்" என்றார், குரல் உள்ளே போக.

கன்னியம்மா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். தலை சுற்றியது, நிற்கவில்லை. தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் தடுக்கத் தடுக்க டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரு முட்டாளு? ஒடம்பு என்னுது. அதுக்கு இன்னா வந்துகீதுன்னு எனக்குப் புரியிற மாரி சொல்லு. சொல்ற வரிக்கும் நவுர மாட்டேன்!" தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேவிட்டாள்.

அவர் காகிதங்களைப் புரட்டினார். "ரத்தக்கொதிப்பும்மா. எதனால வந்துச்சுன்னு எழுதுனவங்களுக்கே தெரில. எசென்ஷியல், இடியோபதிக், ரெண்டு வார்த்தைக்கும் அதான் அர்த்தம்."

"தெரிலன்னா தெரிலன்னு எழுத வேண்டியதுதானே?"

"எழுதுனா கௌரவம் இன்னாவறது? கருவாட்ட வித்துக்கோ, துன்னாத. மாத்திரைய நீயா நிறுத்தாத. தலை சுத்துதுல்ல, வெளிய நர்ஸம்மாகிட்ட இப்பவே பி.பி. பாரு."

கன்னியம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து கையை நீட்டினாள். "இவுருதாம்மா டாக்டரு! கேட்டா சொல்றாங்க. நாமதான் வாயத் தொறந்து கேக்கணும்!"

கைப்பட்டையை இறுக்கிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "டாக்டரு இன்னும் வரவேயில்லம்மா. அவரு ஃபேன் ரிப்பேருக்கு வந்தவரு. பத்து வருசமா அவருக்கும் இதே பி.பி.தான்."