முதுகில் ஒன்றும் இல்லாத வெள்ளிக்கிழமை

யஸ்த்,
ஒர்திபெஹெஷ்த் மாதம், சனிக்கிழமை இரவு.

இஸ்ஃபஹானில் சுகமாக வீற்றிருக்கும் என் மைத்துனனும், முதுகெலும்பு நிபுணனும், மலைச் சைக்கிள் ஓட்டுவோர் அனைவருக்கும் வழிகாட்டியுமாகிய காம்யாருக்கு, அக்காள் புருஷன் ஹெஷ்மத் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அக்காள் தூபாவும் மகள் குல்நூஷும் ஆண்டவன் கருணையால் உயிரோடு இருக்கிறோம். உன் பிரிவைத் தவிர எங்களுக்கு வேறு குறை இல்லை என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை குறைகள் நிறைய இருக்கின்றன. உன் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். சொன்னால் நீ சிரிப்பாய். முப்பது வருஷம் நீர்வாரியத்தில் குப்பை கொட்டியவன் நான். எந்தப் புகாரையும் எழுத்தில் வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் புத்திமதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வியாழக்கிழமை நீ வந்தாய். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் பையைத் திறந்து பார்த்தாய். இரண்டு லிட்டர் தண்ணீர், தேநீர் ஃபிளாஸ்க், நான்கு வெள்ளரிக்காய், ஸ்பேனர் கட்டு, ஒரு சுத்தியல், ஒரு போர்வை. சுத்தியல் எதற்கு என்று கேட்டாய். மலைக்குப் போகிறவன் சுத்தியல் இல்லாமல் போவானா என்று நான் திருப்பிக் கேட்டேன். "அத்தான், முதுகுல எடை ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்காரு. நீங்க ஒரு குடித்தனத்தையே தூக்கிட்டுப் போறீங்க. முதுகுல ஒரு இலைகூட இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வண்டி சுமக்கட்டும்" என்று அருள்வாக்குச் சொன்னாய். உன் அக்காள் கைச் சோற்றைத் தின்றுவிட்டு, என் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, கண்ட இடத்திலெல்லாம் எதையாவது கட்டினாய். நடுக்கம்பியில் ஒரு தண்ணீர்ப் புட்டி, அதன் பக்கத்தில் பம்பு. இருக்கைக்கு அடியில் மடித்துக் கட்டிய டியூப். அதற்குப் பின்னால் கைக்குட்டை அளவில் ஒரு பை, அதற்குள் ஸ்பேனர்கள். கடைசியாகக் கீழ்க்கம்பியில் இன்னொரு புட்டி, கறுப்பு நிறம், பெரியது. "எல்லாம் நிரப்பியாச்சு அத்தான், நீங்க எதையும் தொடாதீங்க" என்றாய். எது எங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினாயாம், நான் தலையாட்டினேனாம். பகல் சாப்பாடு முடிந்த பிறகு நான் எதற்கும் தலையாட்டுவேன், காம்யார். வாரியத்தில் பாதிக் கோப்புகள் அப்படித்தான் கையெழுத்தாயின. அன்று மாலையே நீ பேருந்து ஏறிவிட்டாய். வைத்தியர் போய்விட்டார், நோயாளி மாட்டிக்கொண்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்ன நாள் என்பது உனக்குத் தெரியும். குல்நூஷைப் பெண் கேட்டு வருகிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் பெஹ்ராங் என்ற பையன். பையனின் அம்மாவும் அத்தையும் போன மாதமே வந்து பார்த்துவிட்டார்கள். இப்போது ஆண்களோடு முறையாக வருகிறார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு. இது மூன்றாவது வரன். முதல் இரண்டும் ஏன் தட்டிப்போயின என்று உன் அக்காளைக் கேட்டால், என் வாயால் என்பாள். முதல் பையனிடம் குளிக்க எத்தனை லிட்டர் செலவழிக்கிறாய் என்று கேட்டேன். இரண்டாம் பையனின் அப்பாவிடம் அவர் தோட்டத்துக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன். பொது நலனுக்காகப் பேசினேன். ஆனால் இந்தப் பெஹ்ராங் விஷயம் வேறு. இவனைக் குல்நூஷுக்கே பிடித்திருக்கிறது. ஒரு வாரமாக வீட்டில் அவள் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்குகிறாள். இதுவும் போனால் என் பெண் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. அந்தப் பயத்தில் வீட்டிலேயே கிடந்தால் வந்தவர்களிடம் ஏதாவது உளறிவிடுவேன் என்றுதான் காலையிலேயே மலைக்குக் கிளம்பினேன். உன் அக்காள் வாசலில் நின்று மூன்று நிபந்தனை விதித்தாள்.

"நாலு மணிக்கு வீட்ல இருக்கணும். முதுகு நேரா இருக்கணும். வாய் மூடி இருக்கணும். மூணுல ஒண்ணு தப்பினாலும் இந்தச் சைக்கிள் இஸ்ஃபஹானுக்குப் போயிடும்ங்க."

தஃப்த் வரைக்கும் பேருந்தின் தலையில் வண்டி. அங்கிருந்து தேஹ்பாலா ஏற்றம். உண்மையை ஒளிக்க மாட்டேன்: முதுகு காற்றாக இருந்தது. சட்டை ஒட்டவில்லை, தோள் வலிக்கவில்லை. உன்னை ஓரிரு நிமிஷம் மனசுக்குள் வாழ்த்தக்கூடச் செய்தேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நடுக்கம்பிப் புட்டியில் பாதியைக் குடித்தேன், கறுப்புப் புட்டியைத் திரும்பி வரும்போதைக்கு என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு, ஆட்டு மந்தைகள் போகிற மண்பாதை வழியாக இறங்கத் தொடங்கினேன். பாதித் தூரத்தில், பாறை நிழலில் என் வயசுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மலைச் சைக்கிள், முன்சக்கரம் சப்பை. முதுகில் நம் பழைய பையைவிடப் பெரிய பை. அதற்குள் தர்பூசணி, அடுப்பு, தேநீர்க் கெண்டி, ஒரு டப்பா குத்தாப் இனிப்பு எல்லாம் இருந்தன. டியூப் மட்டும் இல்லை. பஞ்சர் ஒட்டும் பசை இருந்தது. அது போன வருஷமே கல்லாகிவிட்டிருந்தது.

நான் இறங்கி வணக்கம் சொன்னேன். பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. "உங்க ஊழியன்" என்றார் அவர். "உங்க காலடி மண்" என்றேன் நான். அதற்கு மேல் பெயர் எதற்கு? என் டியூபை எடுத்து நீட்டி, இது உங்களுடையது என்றேன். அவர் மறுத்தார். மறுக்கத்தானே வேண்டும், இரண்டாம் தடவை நீட்டினேன், இரண்டாம் தடவை மறுத்தார். ஊர் வழக்கப்படி மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார், நான் ஒரு மணிக்குள் தஃப்த் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, வசதியாக வற்புறுத்துவதற்காக என் வண்டியை ஓரமாகத் தள்ளிச் சாய்த்தேன். சாய்த்த இடத்தில் ஒட்டகமுள். என் பின்சக்கரமும் புஸ்ஸென்று போனது.

இப்போது நிலைமையைப் பார். சப்பையான டயர் இரண்டு, டியூப் ஒன்று, மரியாதை தெரிந்த யஸ்த்காரர்கள் இருவர். "உங்க டியூப், நீங்க போட்டுக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், கொடுத்ததைத் திரும்ப வாங்கும் குடும்பம் அல்ல என்னுடையது என்றேன். ஒருவர் போட்டுக்கொண்டு போய் உதவிக்கு ஆள் அனுப்பலாம் என்பது இருவருக்கும் தெரியும். அந்த ஒருவர் மற்றவர் என்பதிலும் இருவரும் உறுதியாக இருந்தோம். தொலைபேசியில் சிக்னல் இல்லாத பள்ளம். வெயில் ஏறியது. தண்ணீர் குடியுங்கள் என்று என் புட்டியை நீட்டினேன். நீங்கள் முதலில் என்றார். அவர் குடிக்காமல் நான் எப்படிக் குடிப்பது? இது பாதிதான் இருக்கிறது என்பதால் தயங்குகிறாரோ என்று, கறுப்புப் புட்டியைக் கழற்றி அவர் மடியிலேயே வைத்தேன். கனமாக இருந்தது. குலுக்கினால் தண்ணீர்ச் சத்தமே இல்லை. நிறைகுடம் தளும்பாது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். தர்பூசணியை அவர் நீட்டினார், நான் மறுத்தேன். பாறை நிழல் எங்களை விட்டு நகர்ந்தது. நிழலுக்குள் முதலில் யார் நகர்வது என்பதில் இன்னொரு அரைமணி நேரம் போனது.

இரண்டேமுக்கால் மணிக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஏதாவது அவசரமா என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு யஸ்த்ல ஒரு வீட்டுக்குப் போகணும். பையனுக்குப் பொண்ணு கேக்க. பொண்ணோட அப்பா நீர்வாரியத்துல இருந்தவராம். தண்ணி விஷயத்துல ஆளு கொஞ்சம் ஒரு மாதிரின்னு சொன்னாங்க."

குல்நூஷ் பாடும் பாட்டு காதில் கேட்டது. "அந்த ஒரு மாதிரி நான்தாங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன். பையனின் அப்பா, குத்தாப் கடை நஸ்ருல்லா. இருவரும் கட்டித் தழுவிக்கொண்டோம். இனியாவது விஷயம் சுலபமாகும் என்றுதான் நீ நினைப்பாய், நீ இஸ்ஃபஹானில் இருந்து கெட்டுப்போனவன். முன்பின் தெரியாதவரை விட்டுவிட்டுப் போவதையாவது யோசித்திருக்கலாம். சம்பந்தியைப் பாறையில் விட்டுவிட்டு அவர் மகனுக்குப் பெண் கொடுக்கப் போக முடியுமா? பெண்ணின் அப்பாவிடம் டியூபைப் பிடுங்கிக்கொண்டு அவர் வீட்டிலேயே போய் அவரால் தேநீர் குடிக்க முடியுமா? நான் டியூபை அவர் வண்டியில் கட்டினேன். அவர் அவிழ்த்து என் வண்டியில் கட்டினார். கல்யாணச் செலவையெல்லாம் தானே ஏற்பதாகச் சொன்னார், டியூபை மட்டும் ஏற்க மாட்டாராம். முதுகில் பை இருந்திருந்தால், காம்யார், மூன்று டியூப் போட்டு எடுத்து வந்திருப்பேன், சுத்தியலோடு.

நாலே கால் மணிக்கு ஆடு ஏற்றிய சின்ன லாரி ஒன்று வந்தது. ஓட்டுநர் இறங்கி, யாரையும் கேட்காமல் என் அரைப் புட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு எங்கள் கதையை முழுசாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஏறுங்க. இல்லேன்னா வழிய விடுங்க, ஆடுங்களுக்குப் பசிக்குது" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆசனம்தான் இருந்தது. அதில் சம்பந்தி உட்காரட்டும் என்றேன். சம்பந்தி நான் உட்காரட்டும் என்றார். கடைசியில் இருவரும் பின்னால் ஆடுகளோடு நின்றுகொண்டு வந்தோம், முன்னாசனம் யஸ்த் வரைக்கும் காலியாக வந்தது. வீட்டு வாசலில் யார் முதலில் நுழைவது என்று நின்றதை நான் எழுதப் போவதில்லை, அக்கம்பக்கத்தார் உனக்குச் சொல்வார்கள்.

உள்ளே போனால் கூடத்தில் சிரிப்புச் சத்தம். தேநீர்க் கோப்பைகள் காலி, தட்டுகள் காலி. குல்நூஷ் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள், பையன் கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உன் அக்காள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். மேலெல்லாம் ஆட்டு வாடையோடு, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. கால்மணி நேரம்தான் ஆச்சு" என்றாள். "போன ரெண்டு தடவையும் நீங்க இருந்தீங்க."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவமானமும் கொஞ்சம் கலந்திருந்தது, எது எவ்வளவு என்று அளக்கவில்லை. ஆனால் முழுசாக முடியவில்லை. பையனின் பெரியப்பா ஒருவர் மூலையில் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். தண்ணீரை அளந்து ஊற்றுகிற வீட்டில் பெண் எடுப்பதா என்று அவருக்குக் குறை. நஸ்ருல்லா சபைக்கு நடுவில் நின்று அவரைப் பார்த்துப் பேசினார். "இந்த மனுஷன்கிட்ட இருந்தது ஒரே ஒரு டியூபுண்ணே. அதை எனக்குக் குடுத்தாரு. புட்டி நிறைய தண்ணிய வச்சுக்கிட்டு, நான் குடிக்கலேன்னு அவரும் ஒரு சொட்டு குடிக்கல. இவரு வீட்டுப் பொண்ணு நமக்குக் கிடைக்கணுமே" என்றார். பெரியப்பா எழுந்து வந்து என் நெற்றியில் முத்தமிட்டார். அந்த டியூபை ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் நஸ்ருல்லா. அது இப்போது அவர் கடையில் தராசுக்கு மேலே தொங்குகிறதாம், வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறாராம்.

ஆக என் முதுகு நேராக இருந்தது, வாயும் மூடியிருந்தது, நேரம் மட்டும் தப்பியது. உன் அக்காள் சொன்ன சொல் மாறாதவள். நாளைக் காலைப் பேருந்தில் சைக்கிள் உன்னிடம் வருகிறது. கட்டியதையெல்லாம் நீயே அவிழ்த்துக்கொள். இனி உன் யோசனை எதையும் இந்த வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு டியூபோடு ஒரு மனிதனை மலைக்கு அனுப்பியவன் நீ என்பதை உன் பிள்ளைகளுக்கும் எழுதி அனுப்ப உத்தேசம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளின் கண்ணுக்கு என் முத்தத்தையும் சேர்ப்பித்துவிடு. உன் நிழல் குறையாமல் இருக்கட்டும், உன் டயரில் காற்றும்தான்.

இப்படிக்கு,
உன் காலடி மண்,
ஹெஷ்மத்.

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. வண்டியைப் பேருந்தில் ஏற்றக் கட்டும்போது, தண்ணீரைக் கொட்டிவிடலாம் என்று அந்தக் கறுப்புப் புட்டியைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே இரண்டு டியூப், புதுப் பசை, ஒட்டுத் துண்டுகள், உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அத்தான், இது கருவிப் புட்டி. நான் சொன்னபோது தூங்கிட்டீங்க." நஸ்ருல்லா ஒரே ஒரு தடவை மரியாதை கெட்டுப்போய் அதைத் திறந்திருந்தால் இரண்டு மணிக்கே வீடு வந்திருப்போம், நான் வாயைத் திறந்து கல்யாணத்தையும் கெடுத்திருப்பேன். வண்டி வரவில்லை. சம்பந்தி பையைத் தூக்கிப் போட்டுவிட்டாராம், வருகிற வெள்ளிக்கிழமை என்னோடு மலைக்கு வருகிறார், சம்பந்தி கேட்டதால் உன் அக்காளால் மறுக்க முடியவில்லை. அவருக்கும் அச்சாக இதே போல, கறுப்புப் புட்டி உட்பட, கட்டிக் கொடுக்க வேண்டுமாம். ஆகவே இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே கறுப்பில், அதே அளவில், தண்ணீர் பிடிக்கிற புட்டி இரண்டு உடனே அனுப்பு. நான் பெருமையாக நீட்டியது தண்ணீரில்லாத டியூப் புட்டி என்று சம்பந்திக்குத் தெரியக் கூடாது, நிச்சயதார்த்தம் அதில்தான் தொங்குகிறது. சீக்கிரம் அனுப்பு, ஏனென்றால் உன் அக்காள் இப்போது கதவருகே நின்று, கொடுங்க, அந்தப் புட்டியைக் கழுவி வைக்கிறேன் என்கிறாள். மூன்று முறை மறுத்துப் பார்த்துவிட்டேன். அவள் மரியாதைக்காகக் கேட்கவில்லை.