திரேஸ்புரத்துக்கு நான் அனுப்பிய கேள்விக்குறிகள்

அடுத்தவர் எழுதிய நிரலைப் பார்த்ததும் "யாருய்யா இதை எழுதினது" என்று முகம் சுளிக்காத நிரலாளர் உலகத்தில் கிடையாது. நானும் சுளித்திருக்கிறேன். சுளித்ததோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் அழித்தேன். மொத்தம் நாற்பது வரி. அதன் பலனாக ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுடிதாரோடு, லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்றேன். எங்கள் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பாதி ஜனம் கரையில் நின்று பார்த்தது. மீதிப் பாதிக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.

எதை அழித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். நாம் 'அ' என்று அடித்தால் அது உள்ளே மூன்று எண்களாகப் போய் உட்காரும். ஒரு காலோ கொம்போ புள்ளியோ போட்டால் அதற்குத் தனியாக இன்னொரு மூன்று. செல்போன் குறுஞ்செய்திக்கு அதே எழுத்து வேறொரு கணக்கில் வேண்டும். அந்தக் கணக்கை இந்தக் கணக்காக மாற்றிக் கொடுக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியதையெல்லாம் படித்துப் பார்த்துச் சேர்ப்பவர் ஒரே ஒருவர். பாதி வருஷம் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறார். சம்பளம் கிடையாது. முகம் பார்த்ததில்லை, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீ கப் இருக்கும். அதனால் எனக்கு அவர் டீ கப்காரர்.

அந்த நிரலுக்கு அதுவரை நான் இரண்டு திருத்தங்கள் அனுப்பியிருந்தேன். இரண்டையும் ஏற்றுக்கொண்டார். (ஒன்று, விளக்கக் குறிப்பில் ஒரு கமா. இன்னொன்றும் கமாதான்.) அதற்கே எனக்கு நடை மாறிவிட்டது. வீட்டில் காபி ஆறிப்போனால்கூட "உலகமே பயன்படுத்துற நிரலைப் பாத்துக்கிட்டு இருக்கேன், ஒரு காபி ஒழுங்கா வரல" என்று சலித்துக்கொள்வேன்.

இதே நிரலை வைத்துத்தான் எங்கள் பகுதி நாட்டுப்படகு சங்கத்துக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். என் அண்ணன் சேவியர் வள்ளம் வைத்திருக்கிறான். அவனையும் சேர்த்து ஆறு பேர் போவார்கள். கடலுக்குக் கொண்டுபோவது பட்டன் போன்தான், நல்ல போனைக் கொண்டுபோனால் உப்புத்தண்ணீர் அதை ஒரு வாரம்கூட விடாது. வானிலை அறிவிப்பு வந்ததும் சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் தமிழில் அடித்து ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாருடைய போனுக்கும் குறுஞ்செய்தி போகும். ஒன்றரை வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குறையில்லாமல் ஓடுவதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

நிரலின் நடுவில் அந்த நாற்பது வரி இருந்தது. கோணல்மாணலாக, 'இப்படி வந்தால் அப்படி, அப்படி வந்தால் இப்படி, ஆனால் இது மட்டும் வந்தால் வேண்டாம்' என்று ஒரே குழப்பம். மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 'அசிங்கமாகத்தான் இருக்கும். தொடுவதற்கு முன் என்னைக் கேள்.' நான் கேட்கவில்லை. நாற்பதை மூன்றாக்கினேன். சோதித்தும் பார்த்தேன், அருமையாக ஓடியது. 'உங்கள் அசிங்கத்தைச் சுத்தம் செய்துவிட்டேன்' என்கிற தொனியில் (இப்போது படித்தால் காது சுடுகிறது) அவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. 'எதை வைத்துச் சோதித்தாய்? ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயசானவருக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன். (அவருக்கு என்ன வயது என்றுகூட எனக்குத் தெரியாது.) பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவும் பொறுமை இல்லை. என் மூன்று வரியைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் நானே ஏற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டேகாலுக்குச் செயலாளர் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"ஏளா ஜெனி, நீ கம்ப்யூட்டர்ல என்னத்தையும் தொட்டியா?"

"ஏன் அண்ணாச்சி?"

"காத்து வருது, போகாதீங்கன்னு மெசேஜ் அனுப்புனேன். எல்லாருக்கும் கேள்விக்குறியா போயிருக்கு. ஒரு எழுத்து இல்ல. நான் என்ன கேட்டேன்னு ஆளாளுக்குப் போன் போட்டு என்னையக் கேக்காவ."

அண்ணன் மூன்று மணிக்கு வள்ளத்தை எடுப்பான். எடுத்தால் மறுநாள் காலையில்தான் திரும்புவான். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது, ஒரு மேகம் இல்லை. இந்த வானத்தைப் பார்த்து எவன் கடலுக்குப் போகாமல் இருப்பான்? அண்ணனுக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி அமலி மைனிக்குப் போட்டேன். 'வேறொரு அழைப்பில் இருக்கிறார்.' இன்னொரு தடவை அண்ணனுக்கு. எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லுங்க."

"பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். நீ நடுவுல பேசிக்கிட்டிருந்தா எப்படிளா பண்ண?"

ஸ்கூட்டரை எடுத்தேன். பழைய நிரலைத் திருப்பிப் போடலாம் என்று லேப்டாப்பையும் பைக்குள் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கிளம்பியிருக்கிறேன், அது கடற்கரைக்குப் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. வழியெல்லாம் மாதாவிடம் பேரம். 'அண்ணன் மட்டும் கரையில நிக்கட்டும், இனிமே ஒருத்தர் எழுதின ஒரு கமாவைக்கூடத் தொடமாட்டேன்.' ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் எத்தனை பெட்டி இழுக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன், அது முடியவே இல்லை.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அண்ணன் வள்ளம் இன்ஜின் ஓட, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம், அணியத்தில் அண்ணன் நிற்கிறான். நான் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடவில்லை. அது பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. செருப்பு ஒரு பக்கம் போனது. ஓடிய வேகத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

"அண்ணே, போகாத. காத்து வருது. போகாதண்ணே."

அலை ஒன்று வந்து இடுப்பில் அடித்தது. லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். அண்ணன் இன்ஜினை மட்டுப்படுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வள்ளத்தில் இருந்த இன்னொருவரும் பார்த்தார். ஆறு பேர் இருக்க வேண்டிய வள்ளத்தில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள் என்பதும், வலை ஏறவில்லை என்பதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? காத்து வருதுன்னுதான வள்ளத்தத் தூண்டில் வளைவுக்கு உள்ள கட்டப் போறேன்" என்றான் அண்ணன். அலைக்குத் தடுப்பாகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டியிருக்கிறார்களே, அந்த இடம்.

"காத்து வருதுன்னு ஒனக்கு யாருண்ணே சொன்னா?"

"நீதான மெசேஜ் அனுப்புன."

கரையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணீரிலிருந்து ஏறினேன். அழுகையும் சிரிப்புமாக முகம் எப்படி இருந்தது என்பதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது. அண்ணன் உயிரோடு, கரைக்குப் பத்தடி தள்ளி, என்னைத் திட்டிக்கொண்டு இருந்தான். அதைவிட நல்ல வசவை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

நடந்ததை மைனி சொன்னாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது கூடுதல். ஏலத்தில் மீன் எடுத்துக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறாள். மெசேஜ் வந்ததும் கரையில் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. வந்தது முழுக்கக் கேள்விக்குறி. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் எண் முழுசாக இருந்தது. ஒரு இடத்தில் 55, ஒரு இடத்தில் 3. (ஆங்கில எண்ணை என் மூன்று வரியால் கெடுக்க முடியவில்லை.) ஐம்பத்தைந்து ரூபாய்க்கு மூன்று நாள் ரீசார்ஜ் ஆஃபர் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். ஒருவர் கடைக்குப் போய் அந்த ஆஃபரைக் கேட்டும் இருக்கிறார். அண்ணன் ஐஸ் ஏற்றச் சொல்லிவிட்டான்.

மைனிதான் போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். போன மாசத்து எச்சரிக்கை அவள் போனில் இருந்தது. இரண்டு போனையும் ஐஸ் பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாளாம்.

"இதுல என்னளா இருக்கு? சங்கத்துல இருந்து வாரது ரெண்டே மெசேஜ். காத்து இருவத்தஞ்சு, கடலுக்குப் போகலாம். இல்லன்னா காத்து அம்பத்தஞ்சு, மூணு நாள் கடலுக்குப் போக வேண்டாம். போகலாம்னா 'கடலுக்கு'ங்கதுக்குப் பொறவு ஒத்தத் துண்டு. போக வேண்டாம்னா ரெண்டு துண்டு, நடுவுல இடம் விட்டிருக்கும். இங்கன பாரு, ரெண்டு துண்டு கிடக்கு."

"ரீசார்ஜ் ஆஃபர்னு சொன்னாங்களே மைனி."

"ரீசார்ஜ்காரன் என்னத்துக்குப் புள்ளி வைக்கான்? கிலோமீட்டருக்கு 'கி' போட்டு ஒரு புள்ளி, 'மீ' போட்டு ஒரு புள்ளி. அந்த ரெண்டு புள்ளியும் அதே எடத்துல நிக்கி."

இடைவெளியும் எண்ணும் புள்ளியும் தப்பிப் பிழைக்கும் என்பது எனக்கே அந்த நிமிஷம்தான் புரிந்தது. எழுத்தே இல்லாத ஒரு செய்தியை, எழுத்து இல்லாத இடங்களை வைத்தே இவள் வாசித்திருக்கிறாள். ஆறு பேரைக் கரையில் நிறுத்தியிருக்கிறாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. (ஈரத் துணியும் ஒரு காரணம்.)

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் மைனி. "ஒவ்வொரு துண்டுலயும் எத்தன கேள்விக்குறி இருக்குன்னு எண்ணுனேன். பதினெட்டு, ஆறு, ஆறு, பன்னெண்டு, முப்பது, ஒம்பது, இருவத்துநாலு. எல்லாமே மூணு மூணா வருது. அது ஏம்ளா?"

நான் படித்த நாலு வருஷப் படிப்பில் எனக்கு வராத கேள்வி அது. எண்ணிப் பார்க்காமல் ஒரு கூடை நண்டைக்கூட வாங்கமாட்டாள் என்பது தெரியும். கேள்விக்குறியையும் விடமாட்டாள் என்று நான் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் காற்று வந்தது. கரையில் அடுக்கி வைத்திருந்த காலி ஐஸ் பெட்டிகள் தெருவரை உருண்டன. எங்கள் வீட்டுத் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. அண்ணனும் வள்ளத்துக்காரர்களும் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, என் வீடியோவை நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சங்கத்துக் கம்ப்யூட்டரில் பழைய நாற்பது வரியைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, மூலையில் உட்கார்ந்து டீ கப்காரருக்கு நடந்ததையெல்லாம் எழுதி, அந்தக் கேள்விக்குறிகளையும் அப்படியே ஒட்டி அனுப்பினேன். இனி என் பெயரையே நீக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'உன் அண்ணன் பத்திரமா?' என்பது முதல் வரி. இரண்டாவது வரி, 'எல்லாம் மூன்றின் மடங்காக இருக்கிறது, கவனித்தாயா? மூன்று எண் சேர்ந்தால்தான் உங்கள் எழுத்து. நீ ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்திருக்கிறாய்.' மைனி ஐஸ் பெட்டி மேல் வைத்துக் கண்டுபிடித்ததைப் பனிநாட்டில் உட்கார்ந்து அவரும் கண்டுபிடித்திருந்தார். மூன்றாவது வரியில் பழைய கேள்வி. 'எதை வைத்துச் சோதித்தாய்?'

இனி ஒளிப்பதற்கு எதுவுமில்லை. 'ஹலோ' என்று எழுதினேன். ஆமாம், ஆங்கிலத்தில், ஐந்தெழுத்து. ஆங்கில எழுத்துக்கு ஒன்றுக்கு ஓர் எண் போதும், அதனால் ஜோராக ஓடியது. தூத்துக்குடியில் பிறந்து, தமிழ் மெசேஜுக்காகவே இந்த நிரலை எடுத்துவைத்த ஒருத்தி, அதில் ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கீபோர்டைத் தமிழுக்கு மாற்றச் சோம்பல், வேறு காரணமே கிடையாது.

அவர் திட்டவில்லை. அந்த நாற்பது வரிக்கும் கதை சொன்னார். ஒரு வரி, ஏதோ மலையூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெயர் பாதியில் அறுந்து வந்ததற்கு. இன்னொரு வரி, யாருமே இப்போது செய்யாத ஒரு பிரிண்டருக்கு. அதை வைத்து ஒரு தீவில் இன்னும் நூலகச் சீட்டு அடிக்கிறார்களாம். நடுவில் நாலு வரி, அவரே இளவயதில் என்னைப் போலச் 'சுத்தம்' செய்து மாட்டிக்கொண்டதற்கு. நான் அசிங்கம் என்று நினைத்த ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒரு மனுஷன் இருந்திருக்கிறான். அத்தனை பேரையும் இந்த ஆள் ஒற்றையாக உட்கார்ந்து, எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல், காவல் காத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் எழுதியிருந்தார், 'இனி இது நடக்காதபடிக்கு ஒரு சோதனையை நீயே எழுது.'

எழுதினேன். அன்று போன அதே செய்தியைத்தான் வைத்தேன். 'காற்று 55 கி.மீ. 3 நாள் கடலுக்குப் போக வேண்டாம்.' அதற்கு அவர் திரேஸ்புரம் என்றே பெயர் வைத்தார். இப்போது உலகத்தில் எங்கே எவர் அந்த நிரலில் கை வைத்தாலும், இயந்திரம் முதலில் இந்தச் செய்தியை மாற்றிப் பார்க்கும். எழுத்து ஒன்று பிசகினாலும் திருத்தம் உள்ளே போகாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாட்டில் என்று எனக்கே தெரியாது. இதை உடனே மைனியிடம் போய்ச் சொன்னேன்.

மைனி சாளை மீனை அலசிக்கொண்டே கேட்டாள். "அப்படின்னா அந்த ஆளு நாள் பூரா, உலகம் பூரா, எங்க வீட்டுக்காரரக் கடலுக்குப் போகாதன்னு சொல்லிக்கிட்டே இருக்காரா?"

"ஆமா மைனி."

"நல்லாருக்கே. அப்ப சோத்துக்கு?"

அவள் பயந்தது சரியாகத்தான் போயிற்று. அண்ணன் இதைப் பிடித்துக்கொண்டான். உடம்பு வளையாத நாளெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "டீ கப்காரர் வேண்டாம்னு சொல்லுதாரு, நான் என்ன செய்ய" என்பான். ஒரு மழைக்காலம் முழுக்க இதே பாட்டு. கடைசியில் மைனி நேராக என் லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எழுத வேண்டியதை அவளே சொன்னாள், நான் அடித்தேன். 'காற்று 25 கி.மீ. கடலுக்குப் போகலாம்.' இரண்டாவது சோதனையாக அதையும் அனுப்பினேன். இது எதற்கு என்று காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'மைனி சொன்னாள்' என்று எழுதினேன்.

டீ கப்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றே சேர்த்துவிட்டார். அண்ணனுக்கு மட்டும் எங்கள் மூன்று பேர் மேலும் இன்னும் கோபம்.