கவுன்சலிங்குக்குக் கெடா கூட்டிப் போனது

சாமிக்கு வாக்குக் கொடுக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சொல்கிற ஆளும் இல்லை.

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்திலிருந்து எண்ணெய் மில்லுக்குப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். லாரியில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அது எனக்கு வசதி. பேசாத ஆம்பளைக்கு ஒரு மரியாதை உண்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். (காது மந்தம்னு ஊர்ல நெனச்சிருக்காங்க. பின்னாலதான் தெரிஞ்சது.)

என் மகள் தர்ஷினிக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் பாப்பா என்போம். ஒரு நாள் காலை அவளைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனேன். நாய் ஒன்று குறுக்கே வந்தது. விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. நாய்க்கு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து பாப்பா பேசவில்லை.

அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. என் மனைவி சாந்தி மூன்று பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். யாராவது சும்மா இருந்தால் குறை தெரியாது. ஏழாம் நாள் சாந்தி பாப்பாவிடம் என்னவோ கேட்டுவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினாள். வீடு அமைதியாக இருந்தது.

"என்னங்க, பேச்சே வரல."

"ம்."

"உங்கள சொல்லல. பாப்பாவுக்கு."

டாக்டர் பார்த்தார். தொண்டையில் ஒன்றும் இல்லை, பயம்தான், நாளாகும் என்றார். இரண்டு மாதம் பார்த்தோம். பிறகு நான் கட்டுப்போட்ட காலோடு எஸ்டேட் ஓரத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். "பாப்பா பேசிட்டா கெடா வெட்டுறேன்" என்றேன். அவ்வளவுதான். அவரும் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

அந்த வாரமே பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரர் ஒருவரிடம் ஒரு கறுப்புக் கெடா வாங்கி வீட்டுக்குப் பின்னால் கட்டினேன். வாக்குக் கொடுத்தால் பொருள் கையில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. பாப்பா அதற்குப் பேர் வைத்தாள். வாயால் இல்லை. சுவரில் சாக்பீஸால் எழுதினாள். கருப்பன்.

பள்ளி விட்டு வந்தால் அவள் நேராகப் பின்பக்கம்தான் போவாள். பலா இலை ஊட்டுவாள். ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டின் காதுக்குப் பக்கத்தில் அவள் உதடு அசைந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சாந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடி வருவாள். அதுவும் நின்றுபோகும்.

என் மச்சான் குமார் ஞாயிற்றுக்கிழமை வருவான். ஆட்டின் முதுகை அமுக்கிப் பார்ப்பான்.

"அத்தான், நல்லா தேறிருச்சு. பாப்பா வாயத் தொறந்த அன்னிக்கே பிரியாணி."

பாப்பா பக்கத்தில் நின்று இலை ஊட்டிக்கொண்டிருப்பாள். பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது.

நாலாவது மாதம் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரு சமூகநலக் குழு சனிக்கிழமைகளில் வருகிறதாம். கவுன்சலிங் கொடுக்கிறார்களாம். கூடவே ஒரு நாய். பிள்ளைகள் நாயைத் தடவிக் கொடுப்பார்கள், அதற்குக் கதை வாசித்துக் காட்டுவார்கள். பேசாத பிள்ளை கூட நாயிடம் பேசுமாம். நல்லதுதான் என்று போனேன்.

மூன்று பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். மலாயில் இருந்தது. எனக்கு மலாய் வரும். படிக்கத்தான் சோம்பல். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று கோடு போட்டேன். ஆஸ்துமா இல்லை. தோல் அரிப்பு இல்லை. விலங்கைக் கண்டு பயம் இல்லை. (உங்கள் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கிறதா என்பதற்கும் இல்லை என்றுதான் போட்டிருக்கிறேன்.)

நாயின் பேர் கோப்பி. காப்பித்தூள் நிறம். கன்றுக்குட்டி உயரம். சாதுவான முகம். நூலக அறையில் பாய் விரித்து அதைப் படுக்க வைத்திருந்தார்கள். பாப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவள் புத்தக அலமாரியின் உச்சியில் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏணி கொண்டுவந்து இறக்கினார்கள்.

குழுவின் தலைவி கவிதா. ஜொகூர் பாருவில் அடுக்குமாடியில் வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் பார்த்ததால் எனக்கு அவர் டீச்சர்தான். நாயைக் காருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணா, நாய்னா பயம்னு நீங்க எழுதலயே."

"கேக்கல டீச்சர்."

"கேட்டிருக்கோம். பதினோராவது கேள்வி."

பார்த்தேன். கேட்டிருந்தார்கள்.

"ஆக்சிடென்ட் எப்படி ஆச்சு?"

"நாய்."

"நாய் குறுக்க வந்துச்சா?"

"ம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எங்க மேலயும் தப்புதான். வாய்விட்டுக் கேட்டிருக்கணும். வேற எதுகிட்டயாவது பாப்பா பிரியமா இருக்கா? பூனை, கோழி?"

"ஆடு."

"வீட்லயே இருக்கா?"

"ம். அதுகிட்ட உதடு அசையுது."

"அலமாக், இத முன்னாடியே சொல்லக்கூடாதா. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. கோப்பி கார்லயே இருக்கட்டும். ஆட்ட வச்சு ஆரம்பிப்போம்."

அந்த ஆடு எதற்கு வளர்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேர்ந்துவிட்ட ஆட்டை வெளியே சும்மா கொண்டுபோகக்கூடாது என்று சாந்தி சொன்னாள். குளிப்பாட்டினாள். மஞ்சள் தடவி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டாள். கருப்பன் மாப்பிள்ளை மாதிரி காரின் பின் சீட்டில் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. சாந்தி ஓட்டினாள். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரிலிருந்த சீனர் ஒருவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குத் தலையாட்டினேன்.

கவிதாவுக்கு ஒரே சந்தோஷம். "மாலையெல்லாம் போட்டு வந்திருக்காரே. பிறந்தநாளா?"

"கிட்டத்தட்ட."

தலைமையாசிரியை எஸ்டேட்டில் பிறந்தவர். அவர் ஆட்டைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அந்தச் சிரமம் எனக்குத் தெரியும்.

திடலோரம் மரத்தடியில் பாய் விரித்தார்கள். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாப்பா மடியில் புத்தகம், புத்தகத்தின் மேல் ஆட்டின் தாடை. அவள் உதடு அசைந்தது. கவிதா தள்ளி உட்கார்ந்து குறிப்பு எழுதினார். ஆடு ஒரு குறிப்பைத் தின்றது. பரவாயில்லை என்றார்.

அப்போதுதான் கோப்பியை ஒன்றுக்கு விட யாரோ காரிலிருந்து இறக்கினார்கள். அது திடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தடவை குரைத்தது. ஆடு எழுந்து ஓடியது.

கயிறு என் கையில் இருந்தது. மற்ற கையில் ஊன்றுகோல். கயிற்றை விட்டிருக்கலாம். விடவில்லை. திடலில் பாதி தூரம் வயிற்றால் போனேன். எல்லாப் பெற்றோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஊன்றுகோல் ஒரு பக்கம், ஒரு செருப்பு ஒரு பக்கம். நான் சத்தம் போடவில்லை. (அதுலயும் ஒரு கெத்து.) பிறகு கயிறு அறுந்தது. ஆடு திறந்திருந்த கேட்டைப் பார்த்துப் போனது. கேட்டுக்கு வெளியே பெரிய சாலை. சனிக்கிழமை. லாரிகள்.

"கருப்பா! நில்லு! ரோட்டுக்குப் போகாத!"

நாலு மாதமாகக் கேட்காத குரல்.

ஆடு நின்றது. பழக்கிய நாய் அல்லவா, கோப்பியும் உட்கார்ந்தது. சாந்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி "முனீஸ்வரா" என்றாள். நான் புல்லில் கிடந்தபடியே தலையைத் தூக்கினேன்.

பாப்பா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். ஆட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஓடி வந்து என் தலைமாட்டில் முட்டி போட்டாள்.

"நான் பேசலப்பா. நான் பேசவே இல்ல. சாமிகிட்ட சொல்லாதீங்க."

கவிதா பின்னாலேயே வந்துவிட்டார். "என்ன சாமி? என்ன சொல்லக்கூடாது?"

தலைமையாசிரியை அவர் காதில் இரண்டே வாக்கியம் சொன்னார். கவிதா திரும்பி ஆட்டின் மாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர்கள் கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் புல்லில் உட்கார்ந்தார்.

"அண்ணா, எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க. பாப்பா சொல்லட்டும்."

பாப்பா சொன்னாள்.

"குமார் மாமா சொன்னாரு, நான் வாயத் தொறந்தா கருப்பன வெட்டுவாங்கன்னு. மொதல்ல நெஜமாவே வரல. அப்புறம் கருப்பன்கிட்ட மெதுவா பேசிப் பாத்தேன். வந்துச்சு. ஆனா பேசினா வெட்டிருவீங்கல்ல."

அதாவது, அவள் பேச வேண்டும் என்று நான் வைத்த நேர்த்திக்கடன்தான் அவள் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ஓர் ஆட்டைக் காப்பாற்றத் தன் குரலை ஒளித்து வைத்திருக்கிறாள். நான் ஆட்டுக்குப் புண்ணாக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல ஏன் வரல பாப்பா?" கவிதா கேட்டார்.

பாப்பா புல்லைப் பிடுங்கினாள்.

"ரோட்டுல அப்பாவ கூப்பிட்டேன். நெறைய தடவ கூப்பிட்டேன். அப்பா பேசல. செத்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் கூப்பிடல."

அன்றைக்கு ரோட்டில் எனக்கு நினைவு தப்பவில்லை. அவள் கூப்பிட்டது ஒவ்வொன்றும் கேட்டது. வாயைத் திறந்தால் அலறிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக் கிடந்தேன். பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நல்ல தைரியசாலி என்றார்கள். நாலு மாதமாக அதை நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டவன் நான்.

"கேட்டுச்சு பாப்பா," என்றேன். "நீ கூப்பிட்டது கேட்டுச்சு. ரொம்ப வலிச்சுச்சு. அழுதுருவேன்னு பேசல."

என் வாழ்க்கையில் அதுவரை நான் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளம்.

"வலிச்சா அழலாம்லப்பா," என்றாள்.

"ம்," என்றேன். பிறகு அழுதேன். அத்தனை பேர் முன்னால், குப்புறப் படுத்தபடி. ஆடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. தலையை வளைத்துத் தன் மாலையைத் தானே தின்றது.

சாமி பாக்கி இருந்தது. பிள்ளை பேசிவிட்டது. மறுநாள் காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம்.

பூசாரி விஷயத்தைக் கேட்டார். "பேச்சு வந்திருச்சுல்ல. அப்ப கெடா குடுத்துத்தான் ஆகணும் லா. சாமி காரியம்."

பாப்பா அவர் முன்னால் போய் நின்றாள். "தாத்தா, கெடா வேணும்னு சாமி கேட்டாரா, அப்பாவா குடுக்கிறேன்னு சொன்னாங்களா?"

பூசாரி என்னைப் பார்த்தார்.

"நானாத்தான்," என்றேன்.

"அப்ப அப்பா பொருளத்தான் குடுக்கணும். கருப்பன் என்னோடது. பேரு நான்தான் எழுதினேன்."

பூசாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சாந்தி, இத வக்கீலுக்குப் படிக்க வை," என்றார். பிறகு பூக்கட்டிப் பார்ப்போம் என்று இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி காலடியில் வைத்தார். சிவப்புப் பூ வந்தால் வெட்டு. வெள்ளை வந்தால் விடுதலை. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. சாந்தி அழுதாள். (மற்றப் பொட்டலத்தைப் பூசாரி பிரிக்காமலே மடியில் கட்டிக்கொண்டார். அதிலும் வெள்ளைதான் என்று எனக்குத் தெரியும். நான் எங்க சொல்லப்போறேன்.)

"அதுக்காகச் சும்மா விட முடியாது," என்றார் என்னிடம். "உன்கிட்ட பெருசா இருக்கிறது மீசைதான். அத எறக்கு."

இறக்கினேன். திங்கட்கிழமை காலுக்கு இன்னும் லீவு கேட்கப் போனபோது, மில் வாசலில் காவலாளி என்னிடம் அடையாள அட்டை கேட்டார்.

கருப்பன் எங்கள் வீட்டிலேயே வயசாகிக்கொண்டிருக்கிறது. குமாரைக் கண்டால் மட்டும் முட்டுகிறது. பாப்பா மூன்று மாதத்தில் கோப்பியின் தலையில் கை வைத்தாள். அந்தப் படிவத்தில் இப்போது பன்னிரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. 'அழைத்து வரும் விலங்கு சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டதா?'

கவுன்சலிங் எனக்கும் சேர்த்துத்தான் நடந்தது. கவிதா எனக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். பாப்பா கூப்பிட்டால் உடனே சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கே இருந்தாலும். 'ம்' செல்லாது. முதல் மாதம் அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்டாள். குளியலறையில் இருந்தேன், கால் தேறிய பிறகு கூரை மேல் இருந்தேன், லாரிக்கு அடியில் இருந்தேன். "இருக்கேன் பாப்பா." சும்மாதான் கூப்பிடுவாள். வேறு ஒன்றும் கேட்க மாட்டாள். போகப்போகக் குறைந்தது. எனக்குப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு இப்போது பதினைந்து வயது. அவள் அம்மாவே காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குப் பேசுகிறாள். போன மாதம் பத்து பகாட் ஊரில் குமாருக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரம். மேளம் நின்று, அடுத்து கெட்டிமேளம் தொடங்கும் முன் ஒரு நொடி மண்டபமே அமைதி. அப்போது பின்னால் எங்கேயோ ஒரு சின்னக் குரல், "அப்பா."

நான் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று, "இருக்கேன் பாப்பா" என்றேன்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. தாலியைப் பிடித்தபடி குமாரும் திரும்பினான். பக்கத்து நாற்காலியில் இருந்த தர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கப்பா. அது வேற யாரு புள்ளயோ."

கல்யாண வீடியோ வந்துவிட்டது. வாரம் ஒரு தடவையாவது வீட்டில் போடுகிறார்கள். தாலி கட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. நான் எழுந்து நிற்கிற இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

சத்தம் நல்லாத்தான் வந்திருக்கிறது.