ஒத்தக்கடை வழியாக ஸ்டேடியம்

மதுரையில் எந்த இடத்துக்கும் நேராகப் போய்ச் சேராத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் தெப்பக்குளத்துக் காயில்காரர்தான். புதுத் தேசம் தேடிக் கப்பலில் போனவர்கள்கூட இவரளவுக்குச் சுற்றியிருக்க மாட்டார்கள். அவர்களுக்காவது வழி தெரியாது. இவருக்கு நன்றாகத் தெரியும்.

எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். காயில் கட்டுவது என்போம். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கும். தெருவில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. வருவாய்த் துறையில் தலை நரைத்து ஓய்வு பெற்ற எனக்கே அவர் பெயர் தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரே மகள், பவித்ரா. எங்கள் பகுதிப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஞாயிறுதோறும் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஸ்டேடியத்தில் லீக் மேட்ச். ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடலாம். அந்தப் பெண் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: முதல் விசில் ஊதும்போது கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் அவர் நிற்க வேண்டும். அப்பா வேண்டியதும் ஒன்றுதான்: மகள் கோப்பையைத் தூக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று காயில்காரர் கண்டுபிடித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கல்லூரி நாளில் நானும் கால்பந்து ஆடியவன். எப்படி ஆடினேன் என்று யாரும் கேட்காததால் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபின் ஞாயிறு மாலைகளில் வீட்டில் இருக்க வேண்டாம் என்று என் மனைவி அன்போடு கேட்டுக்கொண்டதால், நானும் காயில்காரரோடு மேட்சுக்குக் கிளம்பினேன்.

முதல் ஞாயிறு, ஸ்டேடியம் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர் அலுப்பில் தூங்கிப்போனார். பேப்பரில் மூழ்கியிருந்த நானும் கவனிக்கவில்லை. விழித்தபோது பஸ் ஊரைத் தாண்டி ஒத்தக்கடையில் நின்றது. திரும்பி வந்து சேர்ந்தபோது ஆட்டம் பாதி ஓடியிருந்தது. போன சீசன் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்த எங்கள் அணி அன்று ஜெயித்தது. அடுத்த ஞாயிறு, கிளம்பத் தாமதமானாலும், நேராகப் போனோம். நாலு கோல் வாங்கினார்கள். அதற்கடுத்த வாரம் பஸ் ஸ்டேடியம் ஸ்டாப்பில் நின்றது. நான் எழுந்தேன். காயில்காரர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்க சார் போறீங்க? உக்காருங்க. ஒத்தக்கடை போய்ட்டுத் திரும்பி வருவோம்."

"இதோ ஸ்டேடியம் தெரியுதே, காயில்காரரே!"

"தெரியட்டும் சார். காயில்ல ஒரு சுத்துக் கொறஞ்சா மோட்டார் கருகிரும். பாப்பா வெளையாட்டுல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

ஒத்தக்கடை போய் வந்தோம். ஜெயித்தார்கள்.

அரசு அலுவலகத்தில் இதற்கு முன்னுதாரணம் என்று பெயர். ஒருமுறை ஏதோ ஒரு காரணத்தால் ஒன்று நடந்துவிட்டால், பிறகு காரணமே இல்லாமல் அது காலாகாலத்துக்கும் நடக்கும். நான் எத்தனையோ முன்னுதாரணங்களோடு குடும்பம் நடத்தியவன். ஆனால் ஒரு முன்னுதாரணம் என் சட்டையில் கொட்டியது அதுவே முதல் முறை.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பால் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ இடித்ததில் அவர் டம்ளர் என் வெள்ளைச் சட்டைமேல் கவிழ்ந்தது. அன்று மூன்று கோல் வித்தியாசத்தில் வெற்றி. அதற்கடுத்த வாரம் அதே இடத்தில், அதே பருத்திப்பாலோடு, என்னை ஒரு கோயில் சிலையைப் பார்ப்பதுபோல் பக்தியோடு பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க."

நினைப்பதற்குள் ஊற்றிவிட்டார். அதன்பிறகு மேட்சுக்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கிக்கொண்டேன். "இம்புட்டுப் படிச்சு, இம்புட்டு வருஷம் உத்தியோகம் பாத்து, கடைசில பருத்திப்பால்ல அபிஷேகமா?" என்றாள் மனைவி. அவள் கேள்விகளுக்கு விதிமுறைகளில் பதில் இருந்ததே இல்லை.

மோட்டார் விவகாரம் இதைவிடப் பெரிது. திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டுக்குக் காயில் கட்டிய மோட்டாரைக் கொடுத்துவிட்டு மேட்சுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். வீடு பூட்டியிருந்தது. மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டே எல்லா பஸ்ஸும் ஏறி, ஸ்டேடியம் வந்து, அதைக் கேலரியில் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்றைக்கும் வெற்றி. உடனே அந்த வீட்டுக்காரருக்கு வேறொரு மோட்டாரை இரவலாக மாட்டிக் கொடுத்துவிட்டு, அவருடைய மோட்டாரைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? வீடு பூட்டியிருக்க வேண்டுமே! சனிக்கிழமை போன் போட்டார்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் வீட்டப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிருங்கண்ணே."

"எதுக்குய்யா?"

"நான் வந்து கதவத் தட்டணும்."

போனில் வந்த பதிலை இந்தப் பத்திரிகை அச்சிடாது. ஆனால் வீட்டுக்காரரின் மனைவிக்கு யோசனை பிடித்துப்போனது. ஞாயிறு மதியமானால் குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்தார்கள். நாங்கள் போய், ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டி, காத்திருந்து, ஏமாந்து, திரும்பினோம்.

இவ்வாறாக, வடக்கே இருக்கும் ஸ்டேடியத்துக்குப் போக நாங்கள் முதலில் தென்மேற்கே திருப்பரங்குன்றம் போனோம். அங்கிருந்து பெரியார் ஸ்டாண்டு, பருத்திப்பால், ஸ்டேடியத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒத்தக்கடை, மறுபடி திரும்பல். ஜெயிக்க ஜெயிக்கப் பாதை நீண்டது. பாதை நீள நீள நாங்கள் போய்ச் சேரும் நேரம் தள்ளிப்போனது. கடைசிக் கால் மணி நேர ஆட்டம் பார்த்தால் பெரிய விஷயம். கோல் போஸ்ட்டிலிருந்து பவித்ரா கேலரியைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நாங்கள் பார்த்ததில்லை. அப்போது நாங்கள் ஒத்தக்கடையில் இருப்போம்.

ஒரு ஞாயிறு, மோட்டாருக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதில் கண்டக்டரோடு பெரிய சண்டை. அன்றும் வெற்றி. ஆகவே சண்டையும் நடைமுறையில் சேர்ந்தது. ஆனால் அடுத்த வாரம் வந்த கண்டக்டர் ஒரு தங்கமான பையன்.

"லக்கேஜ் டிக்கெட் போடலையா?" என்று காயில்காரர் உறுமினார்.

"மடியிலதானண்ணே வச்சிருக்கீங்க. பரவால்ல."

"அதெப்படிப் பரவால்ல? கவர்மென்ட் பஸ்ஸு. போடு!"

"சரிண்ணே, போட்டுர்றேன்."

"போட்டுருவியா? போட்டா நான் வாங்க மாட்டேன்!"

"அப்ப வேணாம்ணே. விடுங்க."

காயில்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், சண்டைக்கே வர மாட்டேங்குறான் சார். பாப்பா அங்க தனியா நிக்குது..."

இந்த இடத்தில் என் அனுபவம் கைகொடுத்தது. எழுந்தேன். பயணிகள் சுமை பற்றிய விதி என்ன, அதற்கு விலக்கு என்ன, விலக்குக்கு உள்விலக்கு என்ன, தவறும் நடத்துநர்மேல் யாரிடம் புகார் தர வேண்டும், எத்தனை நகல் வேண்டும் என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தேன். மாட்டுத்தாவணி தாண்டுவதற்குள் தங்கமான பையன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பெருசு! கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாறீங்களா? இல்ல, பஸ்ஸ நிப்பாட்டவா?"

காயில்காரர் முகம் மலர்ந்தது. "நன்றி சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றியது.

பிறகு அரையிறுதி. வழியில் ஏதோ ஊர்வலம். பஸ் நகரவில்லை. நாங்கள் வாசலை அடைந்தபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஆட்டம் சமனாகி, பெனால்ட்டியில் வெற்றி. பவித்ரா இரண்டு பெனால்ட்டி பிடித்திருந்தாள். சேறு படிந்த உடையோடு எதிரே வந்து நின்றாள்.

"எங்கப்பா இருந்தீங்க?"

"மாட்டுத்தாவணில பாப்பா."

அவள் அணியின் வேனில் ஏறிப் போய்விட்டாள். யாரோ போனில் எடுத்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தார்கள். காயில்காரரிடம் நீட்டினேன். கையால் தள்ளினார். அவர் வேறு யோசனையில் இருந்தார். அந்த யோசனை என்னவென்று புரிந்ததும் அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"வேணாம், காயில்காரரே. இறுதி ஆட்டம்."

"நான் உள்ள இல்லாததுனாலதான் சார் ரெண்டு பெனால்ட்டி புடிச்சிருக்கு."

"விதிவிலக்காக நடந்தது முன்னுதாரணம் ஆகாது. எந்த ஆபீஸிலும் ஆகாது."

"மோட்டாரு ஆபீஸ் ரூல்ஸ்ல ஓடாது சார்."

இறுதி ஆட்டத்தன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீடு பூட்டியிருந்தது. பருத்திப்பால் சட்டை முழுக்கப் பரவியது. அதே தங்கமான கண்டக்டர், எங்களைக் கண்டதும், "ஆரம்பிங்கண்ணே, திட்டிர்றேன்" என்று ஒத்துழைத்தான். கெட்ட நேரம், எல்லா பஸ்ஸும் உடனுக்குடன் கிடைத்தன. சீசனில் முதல் முறையாக ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வாசலில் நின்றோம். உள்ளே பவித்ரா அப்போது கேலரியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

காயில்காரர் மதில் சுவரை ஒட்டிய பஸ் ஸ்டாப்பில், ஸ்டேடியத்துக்கு முதுகைக் காட்டி, மோட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"நீங்க போங்க சார்."

"இந்தச் சட்டையோடயா?" என்று நானும் உட்கார்ந்தேன்.

விசில் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் இரைச்சல். கோல்கீப்பர்கள் சும்மா நிற்பதில்லை, ஆட்டம் முழுக்கக் கத்துவார்கள். "ஏறு! ஏறு! ஒன்பது நம்பர விடாத!" என்று ஒரு குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"பாப்பா சத்தம்" என்றார். "இம்புட்டுச் சத்தமாக் கத்துமா? வீட்டுல வாயே தொறக்காது சார்."

முதல் விசிலிலிருந்து மகளின் ஆட்டத்தில் இருந்தது அவருக்கு அந்த வருடம் அதுதான் முதல் முறை. முதுகு வழியாக. ஒவ்வொரு கூச்சலுக்கும் அவர் விரல்கள் மோட்டாரின்மேல் கம்பி சுற்றுவதுபோல் ஓடின. இரண்டாம் பாதியில் ஒரு பெரிய ஆரவாரம். அவர் காதைத் தீட்டினார். "இது நம்ம சத்தம் இல்ல சார்" என்றார்.

இல்லைதான். அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

கையுறைகளைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்த பவித்ரா, பஸ் ஸ்டாப்பில் எங்களைப் பார்த்து நின்றாள். காயில்காரர் எழுந்தார்.

"உள்ளயே வரல பாப்பா. எல்லாஞ் சரியாத்தான் செஞ்சேன். பஸ்ஸு சீக்கிரம் வந்துச்சே, அதுதான் தப்பாப் போச்சோ? இல்ல, பருத்திப்பால் ஆறிப்போயி..."

"அப்பா."

"...கண்டக்டரு வேற மனசாரத் திட்டல..."

"அப்பா! பந்து என் கையில பட்டுத்தான் உள்ள போச்சு. நான் முன்னாடி ஏறி வந்துட்டேன். அது நான் விட்ட கோலு. அதையும் நீங்க எடுத்துக்காதீங்க."

கழற்றிய கையுறைகளை அவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஜெயிச்சா ஒத்தக்கடையால ஜெயிச்சோம். தோத்தா பருத்திப்பாலால தோத்தோம். அப்ப நான் எதுக்குப்பா அங்க நிக்கிறேன்?"

என் பணிக்காலத்தில் பல விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி ஒன்று இவ்வளவு எளிமையாகக் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. காயில்காரர் மோட்டாரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"செமில ரெண்டு பெனால்ட்டி புடிச்சியே பாப்பா... எந்தப் பக்கம் பாஞ்ச?"

"ஒண்ணு வலது. ஒண்ணு இடது. ஏறுங்க வேன்ல, சொல்றேன்."

வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அவள் கையை நீட்டி நீட்டிக் காட்ட, அவர் குனிந்து குனிந்து கேட்க, வண்டி நேராக வீட்டுக்கு வந்தது. தெப்பக்குளம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும் செய்தி அன்றுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மோட்டார் மறுநாளே திருப்பரங்குன்றம் போய்ச் சேர்ந்தது. அடுத்த சீசன் தொடங்கியதும் வீட்டுக்காரர் போனில் கேட்டாராம்: "ஞாயித்துக்கெழம பூட்டணுமா?" வேண்டாம் என்றதும், "என்னய்யா நீங்க, பிள்ளைக ஆசையாக் கெளம்பி நிக்குதுக" என்று வருத்தப்பட்டாராம்.

இப்போதெல்லாம் காயில்காரர் அணியின் வேனிலேயே போய், முதல் விசிலுக்கு முன்பே கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்கிறார். அணி ஜெயிக்கிறது, தோற்கிறது, எல்லா அணிகளையும் போல. தோற்கும்போது அவர் விரல்கள் மட்டும் காற்றில் கம்பி சுற்றும்.

போன ஞாயிறு மறுபடியும் ஒரு இறுதி ஆட்டம். மதியமே நான் அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி. நடைப்பயிற்சி என்றேன். திருப்பரங்குன்றம் போய், பூட்டியிருந்த கதவைத் தட்டிவிட்டு, பெரியார் ஸ்டாண்டு வந்து, கையில் டம்ளரோடு பஸ் ஏறினேன். அதே கண்டக்டர்.

"எங்க பெருசு, உங்க மோட்டார்க்காரரு?"

"ஸ்டேடியத்துல இருக்கார். மக ஆடுறதப் பாக்குறார்."

"அப்ப நீங்க?"

"ஒத்தக்கடை ஒண்ணு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பஸ் கிளம்பியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பருத்திப்பாலை என் சட்டைமேல் நானே கொட்டிக்கொண்டேன். அவர் கொட்டுவது போல் வரவில்லை.