பிளாட்டினக் கம்பிக்குத் திருநீறு

புதுமாப்பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்பார்கள். பௌதிகம் படித்த புதுமாப்பிள்ளைக்கு அது சுத்தமாகவே இருக்காது என்பதற்கு நானே சாட்சி.

முதல் மகாயுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, திருநெல்வேலியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். ஆனியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி என் மனைவி கோமதியை அவள் அப்பா அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போய்விட்டார். சாயங்காலமானால் தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பேன். அவள் குளித்த படித்துறையைத் தொட்டு வந்த தண்ணீர் அல்லவா! (அம்பாசமுத்திரத்து எருமைகளும் அதில்தான் குளித்தன.)

ஆவணி பிறந்ததும் போய் அழைத்துவர வேண்டும். எங்கள் வெள்ளைக்காரப் பேராசிரியர் துரை விடவில்லை. கண்ணாடிக் குடுவைக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் பளீர் பளீரென்று சுடர் எழும். அதற்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பியை நீட்டி, அது எவ்வளவு எலெக்ட்ரான்களைப் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். "அளந்து முடித்தால் லீவு" என்றார்.

தினமும் கம்பியைத் துடைத்து மாட்டுவது என் வேலை. காரியம் சீக்கிரம் முடியட்டும் என்று அதன் நுனியில் திருநீறு பூசிக் கும்பிட்டு மாட்டினேன். அளவுமானியின் முள் எதிர்ப்பக்கம் ஓடியது! துரை குதித்தார். புதுக் கண்டுபிடிப்பாம், நாளைக்கும் பார்க்க வேண்டுமாம். மறுநாள் இன்னும் தாராளமாகப் பூசினேன். முள் இன்னும் வேகமாக ஓடியது. லீவும் அதோடு ஓடியது.

இதற்கிடையே கோமதியிடமிருந்து தபால் கார்டு வந்தது. "எப்போது வருகிறீர்கள் என்று அப்பா கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை." அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ஏங்கிப்போனேன்.

ஆவணி பதினெட்டாம் நாள் பியூன் சுடலைமுத்து பையக் கேட்டார்: "சார்வாள், ஒருநா வெறுங்கம்பிய மாட்டிப் பாத்தா என்ன? சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது."

மாட்டினோம். முள் சாதுவாகச் சரியான பக்கம் போய் நின்றது. இத்தனை நாளும் சூடேறிய சாம்பலே எலெக்ட்ரான்களைக் கக்கியிருக்கிறது. வாங்க வேண்டிய கம்பி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது! லண்டனுக்குக் கட்டுரை எழுதி உறையிலும் போட்டுவிட்ட துரையிடம், என் நெற்றியைக் காட்டி விளக்கினேன். அவர் உறையைக் கிழித்துப்போட்டு, "போ" என்றார். (லீவா, டிஸ்மிஸா என்று கேட்க நான் நிற்கவில்லை.)

அம்பாசமுத்திரத்தில் கதவைத் திறந்த கோமதி மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா வயலுக்குப் போயிருக்காவ. நீங்க யாரு?" என்றாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

பிற்காலத்தில் எங்கள் மூத்தவன் எதற்குப் பிந்தினாலும் நான் திட்டுவேன். "அவன ஏன் வையுதிய? பொறக்க முன்னயே பதினெட்டு நாளு பிந்த வச்சது நீங்கதான?" என்பாள் கோமதி.

அவள் போய் நாலு வருஷமாகிறது. இப்போது மூத்தவனே தன் பிள்ளைகளிடம் அதைச் சொல்கிறான். வீடே சிரிக்கிறது, நானும்தான். ஆனால் அவளோடு இருந்திருக்க வேண்டிய அந்தப் பதினெட்டு நாளும் எனக்கு இன்னும் வேண்டும்.