பெரிய வியாழனுக்கு ஒரு கால்

இந்த வருடம் பெரிய வியாழன் பூசையில் தன்னுடைய வலது காலைப் பாதர் கழுவியே ஆகவேண்டும் என்று நீக்கிலாப்பிள்ளை முடிவெடுத்தார்.

ஆசை சின்னதல்ல. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, அன்றைக்குப் பாதர் பன்னிரண்டு பேரைக் கதிரைகளில் இருத்திக் கால் கழுவுவார். முழுக் கோயிலும் பார்க்கும். கனடாவின் ஸ்காபரோத் தமிழ்க் கத்தோலிக்கர் அத்தனை பேரும் போனில் வீடியோ எடுப்பார்கள். பக்கத்து அப்பார்ட்மெண்ட் ஜஸ்ரின் ஏற்கெனவே மூன்று தரம் அந்தக் கதிரையில் இருந்துவிட்டான். ஆணி விழுந்த கால்! அந்தக் காலுக்கே அவ்வளவு மரியாதை என்றால் இவருடைய காலுக்கு என்ன குறை? தவக்காலத்தில் வயிறு காயவேண்டும்; நீக்கிலாப்பிள்ளைக்கோ வயிறு எரிந்தது.

இந்த நேரம் பார்த்துப் பிரசங்கத்தில் பாதர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"விசுவாசம் கோயில் வாசலோட நிக்கப்படாது. வேலையிலை தெரியவேணும், வீட்டிலை தெரியவேணும். இந்த முறை காலுக்கு ஆள் எடுக்கேக்கை நான் கையைத்தான் பாப்பன். வீடுவீடா வருவன்."

வேலை பரவாயில்லை. வெயர்ஹவுசில் அவர் ஓட்டும் போர்க்லிஃப்டில் செபமாலை தொங்குகிறது. வீடுதான் சிக்கல். வோபர்னில் அந்த இரண்டு அறை அப்பார்ட்மெண்டுக்குள் சமையல் நடக்கும் குசினி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவர் மணம் பிடித்துத்தான் போகவேண்டும்.

அன்றைக்கே மனைவியைப் பிடித்தார்.

"வேரோனிக்கா, சனிக்கிழமை பாதர் வாறார். குசினி என்ரை பொறுப்பு எண்டு சொல்லும்."

"தவக்காலத்திலை பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"பொய்யில்லையப்பா, விசுவாசம். காணாமல் நம்புறவை பாக்கியவான்களெண்டு வேதத்திலை கிடக்கு."

"உண்மைதான். நீங்கள் கோப்பை கழுவி நான் கண்டதேயில்லை."

"பகிடியை விடும். சொல்லுவீரோ, மாட்டீரோ?"

வேரோனிக்கா அகப்பையைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்தால் ஓடித் தப்பவேண்டும் என்பதை இத்தனை வருடக் கலியாணத்திலும் மனிதன் கற்றுக்கொள்ளவில்லை.

"குசினி உங்கடை பொறுப்பெண்டு நீங்களே சொல்லுறியளோ?"

"ஓம், ஓம்!"

"அப்ப நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லுறன். எனக்குப் பாவமில்லை."

சனிக்கிழமை பாதர் உள்ளே வந்தபோது நீக்கிலாப்பிள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய கோப்பை ஒன்றைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குசினி தன்ரை பொறுப்பெண்டு சொன்னவர், பாதர்," என்றாள் வேரோனிக்கா.

"மெய்யாவோ! வெள்ளிக்கிழமைகளிலை சிலுவைப்பாதை முடியச் சனத்துக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் தேடினனான். கடவுளாப் பாத்துக் காட்டியிட்டார்."

நீக்கிலாப்பிள்ளை கோப்பை கழுவுவதை நிறுத்தினார். ஆனால் கதிரை கண்ணுக்குள் நின்றது. "அதென்ன பாதர் பெரிய வேலை," என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். தாழ்மை தலைக்கேறிவிட்டது. "ஆரும் எனக்கு ஊழியம் செய்யிறது எனக்குப் பிடியாது, பாதர். நான்தான் மற்றவைக்குச் செய்யவேணும். அதுதான் என்ரை சந்தோசம்."

"கேட்டியளோ பாதர்? மறந்துபோகாதேங்கோ," என்றாள் வேரோனிக்கா.

வெள்ளிக்கு வெள்ளி கஞ்சி காய்ச்சினார். முதல் கஞ்சி அடிப்பிடித்தது. அடுத்தது உப்புக் கரித்தது. சனம் அதையும் தவமென்று ஒப்புக்கொடுத்துக் குடித்தது. வீட்டிலும் விமோசனமில்லை. தொட்டியில் ஒரு கரண்டி கிடந்தால் போதும், "பாதர் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்று சோபாவில் சாய்ந்தபடி கேட்பாள் வேரோனிக்கா. பாவம் மனிதன், எல்லாவற்றையும் பொறுத்தார். பனிக்காலம் முழுக்கப் பூட்ஸுக்குள் கிடந்து வெடித்த குதிக்காலைக் கல்லால் தேய்த்து, எண்ணெய் பூசி, குழந்தைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

பெரிய வாரத்தில் பாதர் போன் எடுத்தார். "உங்களைப் பீடத்துக்குக் கிட்ட வைச்சிருக்கிறன். நேரத்தோட வாங்கோ."

வியாழன் மாலை கோயில் நிறைந்து வழிந்தது. நீக்கிலாப்பிள்ளை கதிரைகளை நோக்கி நடந்தார். பாதர் இடையில் மறித்து, அவர் தோளில் ஒரு துவாயைப் போட்டார்.

"உங்கடை மனசு எனக்குத் தெரியும். கதிரையிலை இருத்திச் சங்கடப்படுத்த மாட்டன். நான் கழுவுறன், நீங்கள் துடையுங்கோ."

முதலில் ஜஸ்ரினின் ஆணிக்கால். நீக்கிலாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. பார்த்த சனம் பக்தி என்று நினைத்தது. கால் காலாக முழந்தாளில் நகர்ந்தார். இந்த முறை பெண்களையும் சேர்த்திருப்பதாகப் பாதர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்படியொரு புருசனை எங்களுக்குத் தந்த சகோதரிக்கு ஒரு கதிரை குடுக்காட்டி அநியாயம்!"

கடைசிக் கதிரையில் வேரோனிக்கா இருந்தாள். பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை நீட்டினாள். பாதர் கழுவினார். நீக்கிலாப்பிள்ளை துவாயோடு குனிந்தார்.

"விரலிடுக்கையும் துடையுங்கோப்பா," என்றாள் மெதுவாக.